கொருக்குப்பேட்டை மொட்டை மாடியும் தெற்கே சென்ற கலையும்

இரண்டு நாள் விடுமுறையில் சென்னைக்குச் சென்றிருந்த நாங்கள் மூவரும், பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்றுக் கொருக்குப்பேட்டையில் அவர் வீட்டில் தங்கினோம். மாலையில் மொட்டை மாடிக்கு ஏறினோம். கடற்கரை நிலையத்திலிருந்து வரும் இருப்புப்பாதையும் சென்ட்ரலிலிருந்து வரும் இருப்புப்பாதையும் இவ்வூரில்தான் ஒன்றுசேர்ந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்கின்றன. சரக்கு ரயில்களின் ஓசை ஓயவேயில்லை.

மறுநாள் ஓவியக் கண்காட்சி ஒன்றைக் காண்பதாகத் திட்டம். லண்டனின் பெக்காம் பகுதியில், அடுக்குமாடி வாகன நிறுத்தகம் ஒன்றின் மேல்தளங்களில் 2007 முதல் கோடைதோறும் தற்காலக் கலைப் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்படுவதை நண்பர் ஒருவர் நினைவுகூர்ந்தார். "இந்த மாடியில் வைத்தால் என்ன?" என்றும் கேட்டார்.

மாணவர் சிரித்துவிட்டார். "சார், இங்க மாடியில வத்தல் காயும், பசங்க காத்தாடி விடுவாங்க. படம் பார்க்கணும்னா தெற்கேதான் போகணும்."

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆயினும் இந்நகரின் கலை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அதன் தொடக்கம் தெற்கில் இல்லை என்பது விளங்கும்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தம் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது தொடங்கிய இடம் பிராட்வே. கொருக்குப்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். 1852இல் அரசு அதனை ஏற்றது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் வேர் அதுவே. அன்று அங்கே கலையும் தொழிலும் இருவேறாக இருக்கவில்லை. 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கியது அப்பள்ளியின் பட்டறையில்தான். நம் பாட்டிமார் அடுப்பில் ஏற்றிய அலுமினியப் பாத்திரத்துக்கும் ஓவியப் பள்ளிக்கும் இப்படியொரு உறவு உண்டு.

அதே வடசென்னையில் உழைப்பின் வரலாறும் எழுந்தது. பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளரைக் கொண்டு 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணைநின்றனர். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம்.

கலையும் உழைப்பும் ஒருமுறை மீண்டும் சந்தித்துக்கொண்டன. கலைப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நால்வர் பெரும்பாறையொன்றை நெம்பிப் பெயர்க்கும் காட்சியை வெண்கலத்தில் வடித்தார். அந்த உழைப்பாளர் சிலை 1959இல் மெரினாவில் நிறுவப்பட்டது. கூரையில்லை, சுவரில்லை, நுழைவுச்சீட்டில்லை. அதைவிடத் திறந்த கண்காட்சி வேறேது?

அதன்பின் கலை தெற்கே நகர்ந்தது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சார்ந்த இளங்கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருவாயில் ஓவியம் தீட்டியவர்கள் அவர்கள். அவர்களைக் குறைகூற நமக்கு எந்த உரிமையுமில்லை. 2020இல் பெருஞ்சுவர்களில் வண்ண ஓவியங்கள் மலர்ந்த கண்ணகி நகரும் தென்கோடியில்தான் இருக்கிறது. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட இடம் அது. வீட்டுச் சுவர் வண்ணம் பெற்றது, பிழைப்புக்கான தொலைவோ குறையவில்லை.

வடசென்னையோ கலைக்குப் பொருளாயிற்று. வியாசர்பாடிச் சுவரொன்றில் யார் படம் இருப்பது என்ற போட்டியை மையமாக வைத்து 2014இல் 'மெட்ராஸ்' படம் வந்தது. 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று புறம்போக்குப் பாடலைப் பாடினார். இரண்டும் சிறந்த முயற்சிகளே. ஆயினும் பொருளாக இருப்பது வேறு, இடமாக இருப்பது வேறு. தம்மைப் பற்றிய கலையைத் தம் தெருவிலேயே காணும் வாய்ப்பு இம்மக்களுக்கு எத்தனை முறை கிட்டியிருக்கிறது?

மறுநாள் காட்சிக்கூடத்துக்குச் செல்லவில்லை. மாணவருடன் மெரினாவுக்குச் சென்றோம். அவருடைய தாத்தா ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். அந்தச் சிலையை நூறு முறையாவது பேருந்திலிருந்து பார்த்திருப்பதாகச் சொன்னவர், அன்றுதான் அருகில் நின்று பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"கையெல்லாம் தாத்தா கை மாதிரியே இருக்கு சார்" என்றார் பிறகு.

ஊர் திரும்பும்போது, தாத்தாவின் பழைய புகைப்படங்களையும் வீட்டில் எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளையும் தேடி எடுக்கப்போவதாகச் சொன்னார். அடுத்த மே தினத்தன்று வத்தலை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அம்மாடியிலேயே அவற்றைத் தெருவாசிகளுக்குக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். முதல் பார்வையாளராக வர நாங்கள் மூவரும் இசைந்திருக்கிறோம்.