இப்னு பிர்னாஸ் மறந்த வால்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி சுற்றி வரும். ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ஒரு முஸ்லிம் விஞ்ஞானி பத்து நிமிடம் வானத்தில் பறந்தார், உலகின் முதல் விமானி அவர்தான், மேற்குலகம் அதை மறைத்துவிட்டது என்று. கீழே பத்துப் பதினைந்து "மாஷா அல்லாஹ்". அடுத்த நாள் வகுப்பில் தரம் 8 பிள்ளை எழும்பிக் கேட்பான், "சேர், இது உண்மையா?"

உண்மையான ஒரு மனிதரைப் பற்றிய செய்திதான் அது. ஆனால் அதில் பாதி பிறகு சேர்க்கப்பட்டது. சேர்த்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சும் கதை இதைவிட நல்ல கதை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாஸ் இப்னு பிர்னாஸ் 810இல் இன்றைய ஸ்பெயினின் ரோந்தா பகுதியில் பிறந்தவர். பெர்பர் இனத்தவர். குர்துபாவில் உமையா அமீர்களின் அவையில் கவிஞராகவும் கணித, வானியல் அறிஞராகவும் இருந்தார். கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையைக் கண்டார், நீர்க்கடிகாரம் செய்தார், தன் வீட்டு அறையொன்றில் நட்சத்திரங்களும் மேகமும் மின்னலும் தோன்றும்படி காட்டினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 887இல் காலமானார்.

அவர் பறந்ததைப் பற்றி இன்று எல்லாரும் எடுத்துக் காட்டும் குறிப்பு அல் மக்கரி என்ற வரலாற்றாசிரியருடையது. அல் மக்கரி இறந்தது 1632இல். அதாவது சம்பவத்துக்கு ஏழு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவர். தனக்கு முந்திய நூல்களைப் பார்த்து எழுதியவர். ஆனால் இன்னொரு சாட்சியும் உண்டு. இப்னு பிர்னாஸின் காலத்திலேயே வாழ்ந்த முஃமின் இப்னு சயீத் என்ற கவிஞர், கழுகின் இறகுகளை அணிந்து அவர் பறந்ததைத் தன் கவிதையில் குறிப்பிட்டிருக்கிறார். இந்த முஃமின், இப்னு பிர்னாஸைக் கேலி செய்து எழுதுபவர். வேண்டாதவனே சொன்னால் விஷயத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

அல் மக்கரி சொல்வது இவ்வளவுதான். இப்னு பிர்னாஸ் உடம்பை இறகுகளால் மூடிக்கொண்டார், இரண்டு சிறகுகளைக் கட்டிக்கொண்டார், உயரமான இடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார், கணிசமான தூரம் பறந்தார். இறங்கும்போது முதுகில் பலத்த அடி. காரணத்தையும் அவரே எழுதுகிறார்: பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை, தனக்கு வால் செய்துகொள்ளவில்லை.

பத்து நிமிடம் என்ற கணக்கு அந்தக் குறிப்பில் கிடையாது. 875ஆம் ஆண்டு என்று பொதுவாக எழுதுவார்கள். அது சரியென்றால் அவருக்கு அப்போது வயது 65. சில பதிவுகளில் 852இல் "அர்மென் பிர்மான்" என்று ஒருவர் பெரிய அங்கியோடு கோபுரத்திலிருந்து குதித்தார், அதுதான் முதல் பரசூட் என்றும் வரும். அந்தப் பெயர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ் என்பது ஐரோப்பிய மொழிகளில் சிதைந்து வந்த வடிவம் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஒருவரையே இருவராக்கிப் பெருமைப்படுகிறோம்.

ரைட் சகோதரர்களோடு போட்டியும் தேவையற்றது. 1903இல் அவர்கள் செய்தது இயந்திரம் பூட்டிய, ஓட்டுபவர் கட்டுப்படுத்தக்கூடிய விமானம். முதல் பறப்பு 12 விநாடி, 36 மீட்டர். இப்னு பிர்னாஸ் செய்தது வேறு. உடம்பிலேயே சிறகு கட்டிச் சறுக்கிப் பறப்பது. அதற்கு இன்றைக்கு வாரிசு யாரென்று கேட்டால், யூடியூபில் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும் விங்சூட் வீரர்கள்தான். கைக்கும் உடம்புக்கும் இடையே, இரு கால்களுக்கும் இடையே துணி தைத்த உடை போட்டு மலையிலிருந்தும் விமானத்திலிருந்தும் பாய்கிறார்களே, அவர்கள்.

குர்துபாவிலிருந்து விங்சூட் வரை வந்த பாதை நேரானதல்ல. விழுந்தவர்களின் வரிசை அது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நைசாபூரில் இஸ்மாயில் அல் ஜவ்ஹரி. அரபு மொழியின் மிகப் பெரிய அகராதிகளில் ஒன்றான "அஸ் ஸிஹாஹ்" நூலைத் தொகுத்தவர். ஏறத்தாழ 40,000 சொற்கள். மரச் சிறகுகளைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் கூரையிலிருந்து பாய்ந்து இறந்தார் என்று எழுதியிருக்கிறார்கள். அதே நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரி மடத்தில் எயில்மர் என்ற கிறிஸ்தவத் துறவி சிறகு கட்டிக் கோபுரத்திலிருந்து பாய்ந்தார். சுமார் 200 மீட்டர் பறந்து விழுந்து இரண்டு கால்களும் முறிந்தன. பிழைத்துக்கொண்ட அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? வால் வைக்க மறந்துவிட்டேன் என்பது!

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஒருவர் குர்துபாவில், ஒருவர் இங்கிலாந்தில். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல். ஒரே பிழை, ஒரே பாடம். முதலாமவரின் முதுகு உடைந்து கிடைத்த அறிவு இரண்டாமவரின் காலைக் காப்பாற்றப் போய்ச் சேரவில்லை. பறக்கும் ஆசை எல்லா நாட்டிலும் இருந்தது. விழுந்த கதை மட்டும் ஊர் விட்டு ஊர் போகவில்லை.

வாலின் அருமை நம்மூர்ப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழி, தை வாடைக் காற்றுக்குப் பட்டம் ஏற்றுகிறவர்கள் நாம். முச்சை பிழைத்தாலோ வால் குறைந்தாலோ பட்டம் சுழன்று தலைகீழாகக் குத்தும். பறவையின் வாலும் பட்டத்தின் வாலும் முழுக்க ஒரே வேலையைச் செய்வதில்லை. பறவை வாலை விரித்து வேகத்தைக் குறைத்து, தலையை நிமிர்த்தி, மெல்ல வந்து குந்துகிறது. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். மேலே தூக்குவதற்குச் சிறகு போதும். நிலையாக நிற்கவும் பத்திரமாக இறங்கவும் வேறொன்று வேண்டும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டமொன்று ஒரு இளைஞரைக் கயிற்றோடு தூக்கிச் சென்ற காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். மேலே போக அவருக்கு நொடிப்பொழுது போதுமாக இருந்தது. இறங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார்.

இறங்குவதற்கு விடையாகப் பரசூட் வந்தது. நம் பிராந்தியத்திலும் 1890இலேயே கல்கத்தாவில் ராம்சந்திர சட்டர்ஜி என்ற வங்காளி பலூனில் ஏறி, பரசூட்டில் குதித்து இறங்கிக் காட்டினார். ஆனால் சிறகையும் பரசூட்டையும் ஒரே உடம்பில் சேர்ப்பது இலேசாக இருக்கவில்லை. 1912 பெப்ரவரி 4இல் பாரிஸில் பிரான்ஸ் ரைசெல்ட் என்ற தையற்காரர் தானே தைத்த பரசூட் அங்கியோடு ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து, 57 மீட்டர் உயரத்திலிருந்து, கமராக்களின் முன்னால் பாய்ந்தார். அது விரியவில்லை. 1937இல் அதே பாரிஸ் அருகே, வின்சென் என்ற இடத்தில், அமெரிக்கரான கிளெம் சோன் கன்வஸ் சிறகுகளோடு பறந்தார். சிறகு வேலை செய்தது, பரசூட் விரியவில்லை. வயது 26. 1956இல் லிவர்பூலில் பிரெஞ்சுக்காரரான லியோ வலன்டினின் மரச்சிறகு விமானத்தின் வாசலில் அடிபட்டு உடைந்தது. அவரும் தப்பவில்லை. கம்பு, மரம், கன்வஸ் எல்லாம் விறைப்பானவை. வானத்தில் உருண்டால் கயிறு சிக்கும், கை கட்டுப்படும்.

திருப்பம் பட்டத்திலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா? 1964இல் டொமினா ஜால்பெர்ட் என்ற பட்டம் செய்பவர் ஒரு புதுவகைப் பட்டத்தை உருவாக்கினார். கம்பே கிடையாது. துணியாலான பல அறைகள், முன்பக்கம் திறந்திருக்கும். காற்று உள்ளே புகுந்து அறைகளை ஊதிச் சிறகு வடிவாக்கிவிடும். இன்று வானிலிருந்து குதிப்பவர்கள் பயன்படுத்தும் நீள்சதுரப் பரசூட் அந்தப் பட்டத்தின் பிள்ளை. அது விழுவதில்லை, பறந்து இறங்குகிறது. இரண்டு கயிறுகளை இழுத்தால் பறவை வாலை விரித்ததுபோல் வேகம் குறைந்து, நடந்து இறங்கலாம்.

1990களின் நடுவில் பத்ரிக் டி கயார்டன் என்ற பிரெஞ்சு வீரர் காற்று ஊதும் இதே முறையை உடைக்குள் கொண்டுவந்தார். கம்பில்லாத துணிச் சிறகு. கால்களுக்கு இடையே உள்ள துணி வாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது! இப்னு பிர்னாஸ் மறந்தது கிட்டத்தட்ட 1,100 வருடம் கழித்துத் தைக்கப்பட்டது. 1998இல் தன் பரசூட் பையில் தானே செய்த ஒரு மாற்றத்தால் டி கயார்டனும் ஹவாயில் இறந்தார். அடுத்த வருடமே பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோசியாவின் ரொபர்ட் பெச்னிக்கும் "பேர்ட்மேன்" என்ற நிறுவனத்தைத் தொடங்கி, எல்லாரும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய விங்சூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? சாதாரணமாக வயிறு கீழே இருக்க விழும் மனிதர் மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்தில் கீழே வருவார். விங்சூட் போட்டால் கீழிறங்கும் வேகம் அதில் பாதிக்கும் குறைவாகும். விழும் வேகத்தின் ஒரு பகுதி முன்னோக்கிப் போகும் வேகமாக மாறும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டரை மீட்டர் முன்னே போகலாம். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு மேலே நான்கு கிலோமீற்றர் உயரத்தில் பாய்ந்தால், பரசூட் விரிப்பதற்கு முன் கோண்டாவில் பக்கம் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தோளைச் சற்று சாய்த்தால் திரும்பும். கால்களை நீட்டி மடக்கினால் வேகம் மாறும். இயந்திரமே இல்லை, உடம்புதான் சுக்கான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விங்சூட் தரையிறங்குவதில்லை. உரிய உயரம் வந்ததும் சிறகை மடக்கிப் பரசூட்டை இழுக்க வேண்டும். 2012இல் இங்கிலாந்தில் கரி கொனரி என்பவர் பரசூட் விரிக்காமலே இறங்கினார். எப்படி? 18,600 அட்டைப்பெட்டிகளை அடுக்கி அதன் மேல்! இறங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனக்கு உடையைவிட அந்த ஆட்களின் ஒழுங்குதான் பிடித்திருக்கிறது. அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் விதிப்படி, சாதாரணமாக 200 தடவை வானிலிருந்து குதித்த அனுபவம் இல்லாதவர் விங்சூட்டைத் தொடவே முடியாது. அதற்குப் பிறகும் பழகியவர் ஒருவரிடம் பாடம் கேட்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் காற்று செத்துக் கிடக்கும், அதில் சிறு பரசூட் மாட்டிக்கொள்ளும், ஆகவே நாடாவை நீட்டமாக வை என்பது போன்ற ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் அடிபட்டுக் கற்றது. விபத்து நடந்தால் மூடி மறைக்காமல் என்ன நடந்தது என்று எழுதிப் பகிர்கிறார்கள். இன்றும் ஆபத்தான விளையாட்டுத்தான். இமயமலையில் 7,000 மீட்டருக்கு மேலிருந்து பாய்ந்து சாதனை செய்த ரஷ்யரான வலேரி ரோசோவ், 2017இல் அதே இமயமலையில்தான் இறந்தார். ஆனால் எயில்மரைப் போல, முந்தியவரின் பிழை தெரியாமல் ஒருவர் விழ வேண்டிய நிலை இல்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஹதீஸ் வந்தால் யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று அறிவிப்பாளர் வரிசையை விசாரித்த சமூகம் நாம். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளையே இருக்கிறது. அப்படிப்பட்ட நாம் வட்ஸ்அப்பில் வந்ததை இரண்டு விநாடியில் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். வானத்தில் பறந்தவரைப் பற்றிய செய்திதானே, என்ன நட்டம் என்று கேட்கலாம்.

நட்டம் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் பிள்ளைகளை வளர்த்து, மெல்ல மெல்லத் திரும்பிவந்த சமூகம் இது. சோனகதெருவின் கதை, பாடசாலைகளின் கதை, கடைகளின் கதை இன்னும் பெரும்பாலும் பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. அதை நாளைக்கு நாம் எழுதி உலகத்தின் முன் வைக்கும்போது நம்ப வேண்டும் அல்லவா? இப்னு பிர்னாஸுக்குப் பத்து நிமிடம் கூட்டிச் சொல்கிறவர்கள் சொந்தக் கதையிலும் கூட்டித்தான் சொல்வார்கள் என்று யாராவது சொன்னால், நம்மிடம் பதில் இருக்காது.

இப்னு பிர்னாஸுக்கு நம் மிகைப்படுத்தல் தேவையில்லை. சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு 1976இல் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். குர்துபாவில் 2011இல் திறந்த பாலத்துக்கும் அவர் பெயர்தான். யாரும் மறைக்கவில்லை. அவரைப் பற்றி எழுதியவர்கள் பறந்ததோடு நிறுத்தாமல், விழுந்ததையும் ஏன் விழுந்தார் என்பதையும் சேர்த்தே எழுதினார்களே, அந்த நேர்மைதான் நமக்கு வந்த சொத்து.

ஒரு வேண்டுகோள். வீட்டில் 60 வயது தாண்டிய வாப்பா, உம்மா, அப்பா, கண்ணம்மா யாராவது இருந்தால் இந்த விடுமுறையில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி ஒரு கொப்பியைக் கொடுங்கள். அந்தக் காலத்து ஊரைப் பற்றிக் கேட்டு எழுதட்டும். யார் சொன்னது, எந்த வருடம், அவர் நேரே பார்த்ததா, கேட்டதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். நல்லதோடு பிழைத்ததையும் எழுதட்டும். எழுதியதைக் கொண்டுவந்தால் நான் வாசித்துத் திருத்திக் கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.