பெட்டரி 'கோங்' ஆயிடுச்சா? மாத்துறதுக்கு முன்னாடி இந்த 3 எண்களைப் பாருங்க

இரவு 11 மணி. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தானில் வேலையை முடித்துவிட்டு கிள்ளானுக்குத் திரும்ப வேண்டும். சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் 'டக்... டக்...' என்ற சத்தம் மட்டும்தான். மீட்டர் விளக்கு மங்கிப் போகிறது. மோட்டாரை அங்கேயே பூட்டிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் கொமுட்டர் இன்னும் இருக்கிறதா என்று ஓட வேண்டிய நிலை.

மறுநாள் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பெட்டரி கோங், மாத்திடலாம்." மாற்றுகிறோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே 'டக்'. பணம் போனது போனதுதான்.

பெட்டரி செத்துப் போவது ஒன்று, பெட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் இருப்பது வேறொன்று. இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்துப் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும் சில நிமிடங்களும் போதும்.

அந்த 3 எண்கள் என்ன?

முதல் எண், ஓய்வில்: மோட்டாரை நிறுத்தி சில மணி நேரம் கழித்து பெட்டரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 12.8 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட வேண்டும். 12-க்கும் கீழே போயிருந்தால் பெட்டரி கிட்டத்தட்ட காலி.

இரண்டாவது எண், ஸ்டார்ட் செய்யும்போது: முழு சார்ஜ் உள்ள பெட்டரியில் பொத்தானை அழுத்தும்போது வோல்ட் கொஞ்சம் இறங்கும். அது இயல்புதான். ஆனால் 9.5-க்கும் கீழே விழுந்தால் பெட்டரி உள்ளே பலவீனமாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். இதுதான் மாற்ற வேண்டிய பெட்டரி.

மூன்றாவது எண், இன்ஜின் ஓடும்போது: ஆக்சிலரேட்டரைத் திருகி, நிமிடத்துக்கு சுமார் 5,000 சுற்றில் வைத்தால் பொதுவாக 13.5 முதல் 14.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் கோளாறு பெட்டரியில் இல்லை. ஸ்டேட்டர், ரெக்டிஃபையர் அல்லது வயரிங்கில் இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுகிறது. அந்த நிலையில் எந்தப் புது பெட்டரியும் சீக்கிரம் கெடும்.

பட்டறையில் "அண்ணே, ஓடும்போது எத்தனை வோல்ட் வருது?" என்று கேட்கத் தயங்காதீங்க. நல்ல மெக்கானிக் அளந்து காட்டுவார்.

புது பெட்டரியில் எதைப் பார்க்க வேண்டும்?

பெரிய பெட்டரிதான் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் உங்கள் மோட்டாருக்குப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். பழைய பெட்டரியின் மேல் உள்ள குறியீட்டைப் படம் எடுத்து, மோட்டாரின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். ஏற்கனவே யாராவது தவறான பெட்டரியைப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஓர் உதாரணம். ஒய்டிஇசட்5எஸ் 3.5 ஆம்பியர்-மணி கொள்ளளவு கொண்டது. உயரம் 85 மில்லிமீட்டர். ஒய்டிஎக்ஸ்5எல்-பிஎஸ் 4 ஆம்பியர்-மணி; நீள அகலம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் உயரம் சுமார் 2 சென்டிமீட்டர் அதிகம். சிறியதற்கான பெட்டியில் பெரியது உட்காராது. வலுக்கட்டாயமாக அழுத்தினால் முனைகள் உலோகத்தில் உரசி ஷார்ட் ஆகலாம்.

முனைகளின் பக்கத்தையும் கவனியுங்கள். ஒய்டிஎக்ஸ்7எல்-பிஎஸ், ஒய்டிஎக்ஸ்7ஏ-பிஎஸ் இரண்டும் 6 ஆம்பியர்-மணிதான். ஆனால் முதலாவதில் பாசிட்டிவ் முனை வலப்பக்கம், இரண்டாவதில் இடப்பக்கம். வயரை மாற்றி மாட்டினால் ஃபியூஸ் போவதோடு நிற்காமல், ரெக்டிஃபையரும் இசியூவும்கூட எரிந்து போகலாம்.

குறியீட்டின் கடைசியில் 'பிஎஸ்' என்று இருந்தால், அமிலம் தனிப் போத்தலில் வரும் வகை. கடையில் அமிலத்தை ஊற்றி, அது உள்ளே ஊறும்வரை காத்திருந்து, பிறகு முதல் சார்ஜ் போட வேண்டும். ஊற்றிய கையோடு மாட்டி அனுப்பினால் அந்தப் பெட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டாமலேயே போகலாம். அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் சலிச்சுக்காதீங்க.

லித்தியம் பெட்டரி எடை குறைவு, உண்மைதான். ஆனால் அதற்கேற்ற சார்ஜரும், சரியாக வேலை செய்யும் ரெக்டிஃபையரும் தேவை. பழைய கப்சாய்க்கு வழக்கமான ஈய-அமில பெட்டரியே பாதுகாப்பான தேர்வு.

நம்ம ஊரில் ஏன் சீக்கிரம் போகிறது?

முதல் எதிரி வெயில். வெப்பம் கூடக் கூட பெட்டரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் வேகமெடுக்கிறது. சும்மா நிற்கும்போது சார்ஜ் இறங்குவதும் வேகமாகிறது. நிழலில் நிறுத்துவது பெட்டரிக்கும் நல்லது.

இரண்டாவது, குட்டிக் குட்டிப் பயணங்கள். மலேசியாவில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட்டு ஓட வேண்டும் என்ற விதி 1992 முதல் உள்ளது. அதோடு, உணவு விநியோகம் செய்பவர்கள் கைப்பேசிக்கும் சார்ஜ் போடுகிறார்கள். சிக்னலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஸ்டேட்டர் தரும் மின்சாரம் குறைவு. பத்து இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக கிள்ளான் போகிறவருக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத கசிவு. அலாரம், ஜிபிஎஸ், யுஎஸ்பி சார்ஜர் போன்றவை சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இழுக்கலாம். வெறும் 20 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 ஆம்பியர்-மணி பெட்டரி ஏறக்குறைய ஒரே வாரத்தில் காலி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி வாகனங்கள் வாரக்கணக்கில் நின்றபோது, பலர் இதை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். காலியான நிலையிலேயே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் திரும்பாது.

பராமரிப்பு எப்படி?

- மாதம் ஒருமுறை ஓய்வு வோல்ட்டை அளந்து பாருங்கள்.
- முனைகள் இறுக்கமாக, பச்சை-வெள்ளைப் படிவு இல்லாமல் இருக்க வேண்டும்.
- கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ்.
- சார்ஜ் போட்டால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போதும். 4 ஆம்பியர்-மணி பெட்டரிக்கு 0.4 ஆம்பியர். கார் சார்ஜரை மாட்டி அவசரப்படுத்தாதீர்கள்.
- சீல் செய்த பெட்டரியின் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்.
- ஊருக்குப் போய் சில வாரம் ஓட்டப் போவதில்லை என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.

பழைய பெட்டரி, வாரண்டி

ஈய-அமில பெட்டரிக் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் எஸ்டபிள்யூ 102 என்ற திட்டமிட்ட கழிவு வகையில் வருகிறது. குப்பைத் தொட்டியில் போடாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழசுக்குக் கழிவு விலை உண்டா என்றும் கேளுங்கள்.

ரசீதையும் வாரண்டி அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். கடை வாரண்டியை மறுத்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அங்கேயும் கை கொடுக்கப்போவது அந்த ரசீதும், நீங்கள் அளந்து குறித்து வைத்த எண்களும்தான்.

அடுத்த முறை 'டக்' என்று கேட்டால் உடனே பர்ஸை எடுக்காதீங்க. முதலில் மீட்டரை எடுங்க.