தேர்ச்சி

‘தேர்’ என்னும் வினையடிக்கு ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்பன பொருள்கள். திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் வரும் ‘தேரான்’ என்பதற்கு ஆராயாமல் என்று பொருள். தேர்வு, தேர்தல், தேர்ச்சி மூன்றும் இந்த அடியில் பிறந்தவை. பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி இரு பொருள் கொண்டது: ‘தேர்ச்சி அட்டை’யில் அது வளர்ச்சி, ‘தேர்ச்சி பெற்றாள்’ என்னும்போது 35 மதிப்பெண். வளர்ச்சியை ஆராய்ந்தே அறிய முடியும் என்பதால் முதற்பொருளே வேருக்கு நெருக்கம். திருவொற்றியூர் அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி கணக்கில் 12-இலிருந்து 31-க்கு ஏறினால் அட்டை அதைக் காட்டும். முடிவுப் பட்டியல் காட்டாது. பொதுத்தேர்வுக்கு எல்லைக்கோடு வேண்டாமா எனலாம். வேண்டும், அது தேர்வு நாளுக்குரியது. தமிழ்நாட்டில் 2012-13-இல் தொடங்கிய முப்பருவ முறை, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்களைப் பிரித்து இரு பொருளுக்கும் இடம் தந்தது. மாதிரித் தேர்வின் விடைத்தாளில் எந்தப் பாடம் பிடிபடவில்லை என்று ஆசிரியர் ஆராய்வதே சொல்லின் மூலப்பொருளில் தேர்தல்.