ஆமோதித்தல்: ஒரு சொல்லும் அதன் சமூகத் தளமும்

சொற்பொருள் மாற்றத்தை மொழியியலின் எல்லைக்குள் மட்டும் நின்று விளக்க முனைவோர் பாதிவழியில் நின்றுவிடுகின்றனர். ஒரு சொல்லை யார், எந்த அவையில், எவர் சார்பாக மொழிந்தனர் என்ற வினாவை எழுப்பும்பொழுதே அதன் வரலாறு துலங்கும். ‘ஆமோதித்தல்’ என்ற சொல்லை இவ்வகையில் நோக்குவோம்.

வடமொழியில் ‘முத்’ என்னும் வேர் மகிழ்தலைக் குறிக்கும். ‘ஆமோதம்’ மகிழ்ச்சி, நறுமணம் என்னும் பொருள்களை உடையது. இதனுடன் தொடர்புடைய ஆமோதித்தல், பிறர் கூறியதை உவந்து ஏற்றலைச் சுட்டும். ஈழத்துக் கூட்டங்களிலோ அதற்கு வரையறுத்த பொருளொன்று உண்டு. ஒருவர் தீர்மானத்தைப் பிரேரிப்பார், மற்றொருவர் ஆமோதிப்பார். தமிழகத்தில் இது ‘வழிமொழிதல்’ எனப்படும். உவகையைக் குறித்த சொல் இவ்வாறு நடைமுறைச் சொல்லாயிற்று.

உடன்பாட்டைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்களும் இருந்தன. ‘இசைதல்’ பல குரல்கள் ஒன்றுபடுதலையும், ‘ஒப்புதல்’ ஒத்த நிலையையும் உணர்த்துவன. எனினும் சொல்லின் இனிமையைக் கொண்டு சமூகத்தின் சமத்துவத்தை ஊகித்தல் பொருந்தாது. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்ச் சாசனங்கள் சபை வாரியங்களுக்குரிய தகுதியை வகுத்தபோது, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையும் உடைமையையும் நிபந்தனையாக்கின. இசைவு தெரிவிக்கும் உரிமை நிலத்தில் வேரூன்றியிருந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த பழுகாமம் போன்ற நெல்வயற் கிராமங்களை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். இப்பிரதேசத்தில் குடிவழி தாய்வழியாகக் கணிக்கப்படுகிறது. வீடும் வயலும் சீதனமாகப் பெண்மக்களைச் சேர்வது மரபு. ஆயினும் கோயிற் கூட்டத்தில் குடியின் சார்பாகப் பேசும் வண்ணக்கர் ஆடவரே. உடைமை பெண்வழி செல்ல, அவைக்குரல் ஆண்வழி நின்றது.

வயலிலும் இவ்வாறே. போடியார் நிலத்துக்குரியவர், முல்லைக்காரரும் வயற்காரரும் உழைப்பவர். நீர்ப்பாய்ச்சல், பயிர்ச்செய்கை ஆகியன பற்றிய பண்டை வழக்கங்களுக்கு உயிரூட்ட 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. கவர்னர் ஹென்றி வார்டின் காலத்திலே பிறந்த அச்சட்டம் முடிவெடுக்கும் உரிமையை நிலவுடைமையாளர் கூட்டத்துக்கே அளித்தது. விதைப்பு நாளைத் தீர்மானித்தவர் ஒருவர். அந்நாளிற் சேற்றில் இறங்கியவர் வேறொருவர். ‘பண்டை வழக்கம்’ என்ற பெயரில் உடைமையுறவே சட்டமாயிற்று என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

பிலிப் குணவர்த்தன விவசாய அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் இந்நிலையை அசைத்தது. குத்தகைப் பயிர்ச்செய்கையாளருக்குக் காணியில் நிலைத்திருக்கும் உரிமையையும், பயிர்ச்செய்கைக் குழுக்களில் இடத்தையும் வழங்க அது முற்பட்டது. ஆனால் நிலவுடைமையாளரின் எதிர்ப்பும், சட்டத்துக்கஞ்சிக் குத்தகையாளரை வெளியேற்றியமையும் அதன் வலுவைக் குறைத்தன. வெளியேற்றப்படுவோம் என்று அஞ்சும் உழவன் போடியாரின் முன்மொழிவை ஆமோதிக்கும்போது, அது உவகையன்று, வயிற்றுக்கான அடக்கமே.

எனவே, கூட்டக் குறிப்பேடுகளில் ‘ஏகமனதாக ஆமோதிக்கப்பட்டது’ என்னும் தொடரைக் காணும் ஆய்வாளர், கையுயர்த்தியோரை மட்டும் எண்ணி அமைதல் போதாது. மறுப்பதற்கு அவர்களிடம் என்ன இருந்தது என்பதையும், அவையின் வாயிலிலேயே எவர் நிறுத்தப்பட்டனர் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். மறுக்கும் உரிமை உள்ளவன் தரும் ஒப்புதலே ஒப்புதலாகும்.