திருவரங்கத்துக் காலட்சேபமும் விதி பற்றிய விசாரமும்

13ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் வைணவ ஆசாரியர் நம்பிள்ளை நடத்திய காலட்சேபம், அதாவது ஆசிரியர் ஒரு நூலை வரிவரியாக எடுத்து விளக்கக் கூடியிருப்போர் கேட்டுத் தெளியும் பாடமுறை, இல்லறத்தார் உள்ளிட்ட முதிர்ந்த மாணவர்களை ஈர்த்தது. பாடநூல் வைணவப் பாசுர நூலாகிய திருவாய்மொழி; விளக்கமொழி தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளம். பகலில் கேட்டதை மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஓலையில் எழுதி வைத்தார் என்றும், தம் அனுமதியின்றி எழுதப்பட்ட அவ்வோலைகளை நம்பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டு பின்னர் மற்றொரு மாணவரான ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளித்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. ஈடு முப்பத்தாறாயிரப்படி எனப்படும் அவ்வுரையின் பெயரிலுள்ள 'படி', 32 எழுத்துகள் கொண்ட அளவாகும்.

அந்த மாணவர்கள் எதிர்கொண்ட அடிப்படை வினா, உயிருக்குச் சொந்தமான செயல் உண்டா என்பதே. முதல் முயற்சி உயிரினுடையது, இறைவன் அதற்கு அனுமதி தந்து நடத்துகிறான், ஆதலால் 'இதைச் செய், இதைத் தவிர்' என்னும் சாத்திரக் கட்டளைகள் வீணாவதில்லை என்று இராமானுசர் தம் பிரம்மசூத்திர உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் விடை வகுத்திருந்தார். ஆனால் உயிர் முழுவதும் இறைவனின் உடைமை என்றால் அம்முதல் முயற்சியைத் தன்னுடையதென்று அது எவ்வாறு எண்ணலாம் என்னும் சிக்கல் தீரவில்லை. வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகனாகிய பிள்ளை லோகாசாரியார், வடமொழிப் பயிற்சி இல்லாதோரும் அறியும் வண்ணம் மணிப்பிரவாளச் சூத்திரங்களாக இயற்றிய ஸ்ரீவசன பூஷணத்தில், அருளுக்கு உயிரின் முயற்சி காரணமாகாது என்று நிறுவினார். மற்றொரு வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகரோ, அருள் பாய்வதற்குச் சரணாகதி ஒரு வியாஜமாக, அதாவது சிறு நிமித்தமாகவேனும் வேண்டும் என்றார். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி தேசிகர் வழிக்கும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி லோகாசாரியார் வழிக்கும் உவமைகளாயின. இவை நினைவில் நிற்பவை எனினும், இரு தரப்பின் நுட்பத்தையும் மிகவும் சுருக்கிவிடுகின்றன.

அந்நுட்பம் 1323இல் செயலிலேயே வெளிப்பட்டது. தில்லிப் படை திருவரங்கத்தில் புகுந்தபோது, முதுமையில் தளர்ந்திருந்த லோகாசாரியார் உற்சவமூர்த்தியாகிய நம்பெருமாளைக் காக்கத் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, மதுரைக்கு அருகிலுள்ள சோதிஷ்குடியில் உயிர்நீத்தார் என்பது வைணவ மரபு. முயற்சியை மறுத்தவர் இத்தனை பாடுபட்டது முரணாகத் தோன்றலாம். ஆயினும் அவர் மறுத்தது வீடுபேற்றுக்கு உபாயமாக, அதாவது வழியாகக் கொள்ளும் முயற்சியையே, கைங்கரியமாகிய தொண்டை அன்று. நம்பெருமாள் 1371இல் திருவரங்கம் மீண்ட பின்னர், லோகாசாரியார் வழிவந்த மணவாள மாமுனிகள் அங்கேயே ஓராண்டுக் காலம் ஈட்டைக் காலட்சேபம் செய்ததோடு, ஸ்ரீவசன பூஷணத்திற்கும் உரை வரைந்தார்.