சுழலும் கலத்தில் வளிமண்டலம்: ஒப்புமையும் நீக்கலும்

சுழல்மேசை மீது வைத்த சிறு கலத்து நீர், வளிமண்டலத்தைப் பற்றி எதையேனும் நிறுவ முடியுமா? முடியும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஆனால், கலம் பூமியை ஒத்திருப்பதால் அந்த வலிமை வருவதில்லை. பூமியில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை கலத்தில் இல்லாததால் வருகிறது.

1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த ரேமண்ட் ஹைட், ஓரச்சு உருளைகள் இரண்டுக்கு இடையே நீரை நிரப்பினார். வெளிச்சுவரைச் சூடாக்கி, உட்சுவரைக் குளிர்வித்து, முழுவதையும் சுழற்றினார். அவர் மனத்தில் இருந்தது காற்று அன்று, பூமியின் திரவ வெளிக்கரு. மெதுவாகச் சுழற்றியபோது, நீர் வெளிச்சுவரோரம் ஏறி உட்சுவரோரம் இறங்கியது. அந்த ஓட்டம் அச்சைச் சுற்றிலும் ஒரே சீராக இருந்தது. வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் சீர்மை குலைந்தது. மேற்பரப்பில் குறுகிய, விரைவான ஓடையொன்று இரு சுவர்களுக்கும் இடையே நெளிந்து அலைகளாக ஓடியது. மேலும் விரைவுபடுத்த அலைகளின் எண்ணிக்கை கூடி, முடிவில் ஓட்டம் ஒழுங்கிழந்தது. சிகாகோவில் டேவ் ஃபுல்ட்ஸ் திறந்த வட்டக் கலங்களின் விளிம்பைச் சூடாக்கி இத்தகைய ஓட்டங்களையே கண்டார்.

இந்த ஓடை, நடு அகலாங்குகளின் மேல்வளியில் வளைந்தோடும் தாரைக்காற்றை உடனே நினைவூட்டுகிறது. அந்தச் சாயலில் மயங்காமல், கலத்தில் எவை இல்லை என்று பார்ப்பதே பயன் தரும். மலை இல்லை, கண்டம் இல்லை, கடல் இல்லை, நீராவி இல்லை. இருந்தும் அலை பிறந்தது. ஆகவே மலைத்தொடர்கள் அலைகளின் வடிவையும் இடத்தையும் மாற்றலாமே தவிர, அலை பிறப்பதற்கு அவை தேவையில்லை. சுழற்சியும் கிடைமட்ட வெப்பநிலை வேறுபாடும் போதும். ஜூல் சார்னி 1947இலும் எரிக் ஈடி 1949இலும் கணிதத்தால் காட்டிய, வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து அலை தானே வளரும் நிலையின்மைக்கு இது கண்முன் நிற்கும் சான்று. அளவு வேறுபாடு இங்கே தடையாகாது: ஓட்டத்தின் வேகத்தைச் சுழற்சியோடும் கலத்தின் அகலத்தோடும் ஒப்பிடும் ராஸ்பி எண், சில சென்டிமீட்டர் நீருக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் காற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க முடியும்.

இதைவிட ஆழமான விளைவு ஒன்றுண்டு. வெப்பமும் வேகமும் மாறாமல் இருக்கையிலேயே சில ஓட்டங்கள் ஒழுங்கின்றி மாறிக்கொண்டிருந்தன. அப்படியானால் வானிலையின் ஒழுங்கின்மைக்கு வெளிக்காரணம் தேட வேண்டிய கட்டாயம் இல்லை. வானிலையியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் இச்சோதனைகளை அத்தனை அக்கறையோடு படித்ததற்கு இதுவே போதிய காரணம் என்பேன்.

ஒப்புமையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஹைட்டின் பணியிலேயே சான்று கிடைக்கிறது. சுழலும் தொட்டியின் அடியில் ஒரு தடையை மெல்ல நகர்த்தினால், அதற்கு நேர்மேலே உள்ள நீரும் தூண்போல உடன் நகரும் என்று ஜி. ஐ. டெய்லர் 1923இல் காட்டியிருந்தார். வியாழனின் பெருஞ்சிவப்புப் புள்ளி அத்தகைய தூணே என்று ஹைட் 1961இல் முன்மொழிந்தார். அழகிய கருத்துதான், ஆனால் தூணுக்குத் திண்மமான அடித்தளம் வேண்டும், வியாழனின் மேகங்களுக்கடியில் அது இல்லை. 1988இல் டெக்சாஸில் சொமேரியா, மேயர்ஸ், ஸ்வின்னி ஆகியோர் தடை எதுவும் வைக்காமல், சுழலும் கலத்தில் நீரை உட்செலுத்தியும் வெளியேற்றியும் ஓடை ஒன்றை உண்டாக்கினர். சிறு சுழல்கள் ஒன்றிணைந்து ஒரே பெருஞ்சுழலாக நிலைத்தன. தடை தேவையில்லை என்பதை அது உறுதியாக்கிற்று. புள்ளி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மட்டும் கலம் சொல்ல இயலாது. ஜூனோ விண்கலம் நேரில் சென்றுதான் அதை அளந்தது.