ஊர் திரும்புவோர் துவக்குக் கொண்டுவரலாமா?

கனடாவில் இருக்கும் என் சித்தப்பா வன்னியிலுள்ள தன் வயலுக்கே திரும்பி வரப்போகிறார். "காட்டுப்பன்றிக்கு என்ர வேட்டைத் துவக்கையும் சாமான்களோட அனுப்பட்டே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. வெளிநாட்டு அனுமதிப்பத்திரம் இங்கே செல்லாது. ஊர் திரும்புவோரின் வீட்டுச் சாமான்களுக்குள்ள சலுகையும் துவக்குக்கு இல்லை. துவக்கு, தோட்டா இரண்டுக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பெட்டியை அனுப்பிவிட்டு விண்ணப்பிப்பது சரிவராது. அனுமதியில்லாமல் வந்தால் சுங்கம் பறிமுதல் செய்யும், வழக்கும் வரும். தானியங்கித் துவக்கை அனுமதியின்றி வைத்திருந்தால், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயுள் தண்டனை. உள்ளூர் அனுமதிப்பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பழைய வேட்டைப் பைகளையும் சட்டைப் பைகளையும் உதறிப் பாருங்கள். மறந்துபோன ஒரு தோட்டாவும் போதும். எங்கள் ஆட்களின் பெட்டியில் தோட்டா அகப்பட்டால், அது பன்றிக்குத்தான் என்று விளங்கப்படுத்த எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

சித்தப்பா துவக்கை அங்கேயே சட்டப்படி விற்கிறார். வயலுக்குத் தேவைப்பட்டால், வந்தபின் மாவட்டச் செயலகத்தில் விசாரித்து விண்ணப்பிப்பார்.